மிதிக்காமல் போகும் சைக்கிள்



பதினொன்றாம் வகுப்பில் நமக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்தார்கள் அல்லவா? அது பள்ளிக்கு வரவும் கடைக்குப் போகவும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வைத்து ஒரு பாடமே படித்துவிட்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் கணக்கு. அம்மாவின் தையல் இன்ச் டேப்பால் சக்கரத்தின் விட்டத்தை அளந்தேன். 66 செ.மீ. சுற்றளவு = 22/7 × 66 = சுமார் 207 செ.மீ. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 2.07 மீட்டர். பெடல் பக்கம் 44 பற்கள், பின்னால் பிரீவீலில் 18 பற்கள். 44 ÷ 18 = 2.44. ஒரு மிதி சுற்றுக்குச் சக்கரம் 2.44 தடவை சுற்றும். 2.44 × 2.07 = சுமார் 5.05 மீட்டர். அப்படியானால் 1 கி.மீ.க்கு 198 சுற்று மிதிக்க வேண்டும்.

சரி பார்க்க முதலிபாளையத்திலிருந்து நொய்யல் பக்கம் கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை எண்ணினால் 140 சுற்றுதான் வந்தது! கணக்கு தப்போ என்று நினைத்தேன். திரும்பி வரும்போது எண்ணினேன். 199. மூச்சு வாங்கியது. அப்போதுதான் புரிந்தது, போகும்போது கால்வாசிக்கும் மேலான தூரம் நான் மிதிக்கவே இல்லை. வண்டி தானா உருண்டிருக்கு. கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த ரோடு, ஆற்றைப் பார்த்துச் சரிந்திருக்கிறது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் சைக்கிள் மிதிக்காம எங்க போச்சோ, அங்கதான் கண்ணு தண்ணியும் போகும்" என்றார்.

நண்பர்களே, நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காக 1992இல் சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். ஆனால் அதில் சாயக்கழிவு தேங்கியது. அந்தப் பக்கம்தான் எங்கள் அப்புச்சியின் தோட்டம். கிணற்றுத் தண்ணி உப்பாகி, வெள்ளாமை விட்டுப்போச்சு என்று இன்றைக்கும் சொல்லுவார்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நான் அப்போது கைக்குழந்தை. அப்பாவுக்குப் பல மாதம் வேலை இல்லை. கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடித்து, மீதியைக் காய்ச்சி உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்பவும் பயன்படுத்தும் முறை வந்த பிறகே பட்டறைகள் மீண்டும் ஓடின. அப்புச்சிக்கு ஆறு வேணும். அப்பாவுக்குப் பட்டறை வேணும். ரெண்டு பேரும் எங்க வீட்டு ஆளுங்கதான். அதனால்தான் அந்தச் சுத்திகரிப்பு ஒழுங்காக நடப்பது எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வியாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஆற்றைத் தாண்டி சர்க்கார் பெரியபாளையம் போனோம். சுக்ரீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் பட்டைத்தலை வாத்துகூடக் குளிர்காலத்தில் இங்கே வருகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை!

நீங்களும் போய் வாருங்கள். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் கம்பெனி வேன், லாரி தொந்தரவு குறைவு. கிளம்பும் முன் பிரேக், காற்று, மணி பாருங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை: உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை வரும்போது எத்தனை மிதி, போகும்போது எத்தனை மிதி? எண்ணி ஒரு தாளில் எழுதி இதன் கீழே ஒட்டுங்கள். எல்லோர் கணக்கையும் சேர்த்தால் நம் ஊரின் மேடு பள்ளம் தெரிந்துவிடும். மழைத்தண்ணி எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும்.


— பதினொன்றாம் வகுப்பு மாணவி