புதையல் பாட்டும் பதம் பிரித்தலும்



போன வாரம் நம்ம குழுவுல ஒரு அன்பர் கேட்டிருந்தார். "அம்மா, கந்தரந்தாதியில எழுத்துகளை எண்ணாக மாத்திக் கூட்டினா வருங்காலம் தெரியும்னு ஒரு ஃபார்வர்டு வந்திருக்கு, உண்மையா?" இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா எனக்கே ஒரு அனுபவம் உண்டு. அதைச் சொன்னா பாடம் நல்லா மனசுல நிக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் சாண்டா ஃபே நகரில் ஃபாரஸ்ட் ஃபென் என்று ஒருவர் இருந்தார். விமானப்படை பைலட்டாக வியட்நாம் போரில் இருந்தவர், பிறகு கலைப்பொருள் வியாபாரி. 1988-ல் அவருக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெட்டி நிறைய தங்கத்தை எடுத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த ஓர் இடத்துக்குப் போய், அங்கேயே உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தார். ஆனால் பிழைத்துவிட்டார். பல வருஷம் கழித்து, ஏறக்குறைய 80 வயதில், அந்த வெண்கலப் பெட்டியை ராக்கி மலைத்தொடரில் ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். 2010-ல் வந்த தன் வாழ்க்கை நூலில் 24 வரியில் ஒரு பாட்டை அச்சிட்டார். அதில் ஒன்பது குறிப்புகள் இருக்கின்றன, சரியாகப் படித்தவருக்குப் பெட்டி சொந்தம் என்றார்.

ஆயிரக்கணக்கான பேர் கிளம்பிட்டாங்க. அதில் என் தங்கச்சி பையனும் ஒருத்தன். டென்வரில் வேலை. 2019-ல ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான்.

"பெரியம்மா, நீங்கதானே கந்தரந்தாதிக்கே பதம் பிரிச்சுச் சொல்லுவீங்க. இந்தப் பாட்டையும் கொஞ்சம் பாருங்களேன்."

31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். இப்படிக் கேட்டா விடுவேனா? இங்கிலீஷ் அகராதியை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்.

அந்தப் பாட்டில் 'ப்ளேஸ்' என்று ஒரு சொல் வருகிறது. இடம் என்ற பொருளில் வரும் சொல் இல்லை, கொழுந்துவிட்டு எரிவதைச் சொல்லும் சொல். அகராதியில் அதுக்கு இன்னும் இரண்டு பொருள் இருந்தது. காட்டுக்குள் வழி தெரிவதற்காக மரப்பட்டையைச் செதுக்கி வைக்கும் அடையாளம் ஒன்று. குதிரையின் முகத்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை இன்னொன்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! "தம்பி, இது சிலேடை. குதிரையைப் பிடி, இடம் கிடைச்சிடும்" என்றேன்.

அவனும் வரைபடத்தில் தேடி, குதிரைப் பேர் கொண்ட ஒரு மலையைக் கண்டுபிடித்தான். நவம்பர் மாசம், சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் தனியா கார் எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. காரும் சிக்கிக்கிச்சு, போனுக்கும் சிக்னல் இல்லை. ராத்திரி முழுக்க காருக்குள்ளேயே இருந்திருக்கான். விடிஞ்சு பனி அள்ளும் வண்டி வந்துதான் அவனைக் கண்டுபிடிச்சாங்க. விரல் எல்லாம் மரத்துப்போய், பேச்சு குழறி... என் தங்கச்சி ஒரு மாசம் என்னோட பேசலை. அவ கோபத்துல என்ன தப்பு இருக்கு?

இது விளையாட்டில்லை. அந்தப் பெட்டியைத் தேடிப் போனவர்களில் ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள் என்று செய்திகள் சொல்கின்றன. ஆற்றில் போனவர்கள் உண்டு, மலையிலிருந்து விழுந்தவர் உண்டு, பனியில் மாட்டியவர் உண்டு. 80 வயசுக் கிழவன் போக முடியாத இடத்துக்கு நீங்களும் போகாதீர்கள் என்று ஃபென் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த எளிய வார்த்தையைக் கேட்காமல், பாட்டுக்குள் இல்லாத ரகசியத்தைத் தேடினவர்களே அதிகம். நானும்தான்.

அதுக்கப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். எங்கே தப்பு பண்ணினேன்? நம்ம தமிழ் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே நான் மறந்திருக்கேன். அதைத்தான் நாலு பாடமாக எழுதுகிறேன்.

முதல் பாடம்: முதலில் நேர்ப்பொருள்

ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குவதற்கு முன்னால் பாட்டு முழுவதையும் பத்து தடவை படிக்க வேண்டும். யார் பேசுகிறார்? யாரிடம்? எந்த மனநிலையில்? நான் 24 வரியில் ஒரே ஒரு சொல்லைத்தான் படித்தேன். மிச்சத்தைத் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் பாடம்: சிலேடைக்குப் பாட்டே சாட்சி சொல்லணும்

காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினார், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பாடினார். அதில் ஒரு சொல் மட்டும் இரண்டுக்கும் பொருந்தினால் போதாது. பாட்டில் வரும் ஒவ்வொரு அடைமொழியும் பாம்புக்கும் பொருந்தும், மற்றதுக்கும் பொருந்தும். அதுதான் இரட்டுற மொழிதல். ஃபென் பாட்டில் குதிரைக்குப் பொருந்தும் வேறு சொல் ஒன்றுகூட இல்லை. அப்போ அந்தக் குதிரை பாட்டில் இல்லை, என் அகராதியில்தான் இருந்தது.

மூன்றாம் பாடம்: விதி ஒன்றாக இருக்கணும், கடைசிவரை நிக்கணும்

கந்தரந்தாதி யமக அந்தாதி. நாலு அடியும் ஒரே மாதிரி எழுத்தில் தொடங்கும், பிரிக்கிற விதத்தில் பொருள் மாறும். 54-ஆம் பாட்டு முழுக்க முழுக்க 'த' வருக்க எழுத்து மட்டும்தான். விதி கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஒரு பாட்டுக்கு ஒரு விதி, அடுத்த பாட்டுக்கு இன்னொரு விதி என்று அருணகிரியார் மாற்றவில்லை.

இங்கிலாந்திலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் தங்கத்தில் ஒரு முயல் செய்து மண்ணில் புதைத்துவிட்டு, 1979-ல் 'மாஸ்குரேட்' என்று ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். மொத்தம் 15 ஓவியங்கள். படத்தில் இருக்கிற உருவத்தின் கண்ணிலிருந்து நீளமான விரல் வழியாகக் கோடு போட்டால், அது ஓரத்துச் சட்டத்தில் இருக்கிற ஓர் எழுத்தைத் தொடும். கைவிரல், கால்விரல் என்று ஒரே ஒழுங்கு. 15 படத்துக்கும் அதே விதி. இன்னும் அழகு என்னவென்றால், அப்படிக் கிடைக்கும் விடையின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஆம்ப்ட்ஹில் என்ற ஊர்ப்பெயரும் வரும். விடையே தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது! இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் இதை முறையாக விடுவித்தார்கள்.

ஃபென் பாட்டில் சிலர் முதல் எழுத்தை எடுத்தார்கள், சிலர் எழுத்தை எண்ணாக்கி அட்சரேகை என்றார்கள். ஒரு வரியில் ஒத்துவரலைன்னா விதியை மாத்திக்கிட்டாங்க. இப்படிச் செய்தால் மளிகைக் கடை சீட்டிலும் ரகசியம் கிடைக்கும்!

நாலாம் பாடம்: பாடினவர் மனசைப் படி

2020 ஜூனில் பெட்டி கிடைத்துவிட்டது, வயோமிங் மாநிலத்தில். கண்டெடுத்தவர் ஜாக் ஸ்டூஃப் என்ற மருத்துவ மாணவர். இரண்டு வருஷ உழைப்பு. அவர் மற்றவர்களின் ஊகங்களை ஒதுக்கிவிட்டு, ஃபென் எழுதியதையும் பேட்டிகளில் பேசியதையும் ஊன்றிப் படித்திருக்கிறார். இந்த மனிதர் எங்கே உயிர்விட ஆசைப்பட்டார் என்பதுதான் அவர் தேடிய கேள்வி. பாட்டைத் திறந்தது எழுத்துக் கணக்கு இல்லை, ஒரு கிழவரின் மனசைப் புரிந்துகொண்டதுதான். ஃபென் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, அதே வருஷம் செப்டம்பரில் 90 வயதில் காலமானார்.

நமக்குத் தெரிந்த கதைக்கு வருவோம். வில்லிபுத்தூரார் எவ்வளவு பெரிய புலவர்! வாதில் தோற்றவர்களின் காதை அறுப்பவர் என்று சொல்வார்கள். அவரே 53 பாட்டு வரை பொருள் சொல்லிக்கொண்டு வந்து, 54-ல் நின்றுவிட்டார். அப்போது எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பாடியவரே பொருள் சொன்னார், அவர் காதையும் அறுக்காமல் விட்டார். நான் அன்றைக்கு என் பையனிடம் "தெரியலைப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அந்த ராத்திரியைக் கழித்திருக்க வேண்டாம்.

ஆகவே, கேள்வி கேட்ட அன்பருக்கு என் பதில்: அந்த ஃபார்வர்டில் நேர்ப்பொருள் இல்லை, ஒரே விதி இல்லை, பாட்டின் சாட்சியும் இல்லை, பாடினவர் மனசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நம்பவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.

இப்போ பையன் நல்லா இருக்கான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வீடியோவில் வருகிறான். போன வாரம் ஒரு சொல்லைப் பிரித்துவிட்டு அவனே கேட்டான்: "பெரியம்மா, மத்த மூணு அடியும் இதுக்கு ஒத்துவருதா?"

அந்தக் கேள்வியை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். இந்த வாரம் 54-ஆம் பாட்டை உரை பார்க்காமல் ஐந்து தடவை வாசித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பிரிப்போம்.

முருகா சரணம்.