ஊரிகத்தில் ஆள் நிற்க வேண்டுமென்றால்

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர்களும் ஊரிகத்தில் பட்டறை, தையல் யூனிட் நடத்துகிறவர்களும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "ஆள் நிற்கவே மாட்டேங்கிறாங்க." விடிவதற்குள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியென்றே தோன்றும். ஆனால் போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர் என்று தினமும் அல்லாட யாருக்கும் ஆசையில்லை. உள்ளூரில் நியாயம் கிடைத்தால் பலர் நிற்பார்கள். முதலாளிகள் செய்ய வேண்டியது இதுதான்.

முதலில், ஆளைக் கட்டிப் போடும் பழக்கத்தை விடுங்கள். வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. இந்த மண்ணில் அது எடுபடாது. 1930இல் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தது. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவனுக்கு அடுத்த சுரங்கத்திலும் கதவடைக்கும் ஏற்பாடு இது என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் இன்று உங்களிடம் வேலை கேட்டு வருகிறார்கள். சர்டிபிகேட்டைப் பார்த்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது சம்பளம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். தேதியோடு சீட்டும் முக்கியம். வேலை செய்த நாள், ஓவர்டைம் மணி, பிடித்த பி.எஃப்., கழித்த அட்வான்ஸ், மீதி அட்வான்ஸ் எல்லாம் அதில் தனித்தனி வரியாக இருக்கட்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் பி.எஃப். கட்டியாக வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் தொழிலாளியிடம் 1,800 பிடித்து, உங்கள் பங்காக இன்னொரு 1,800 போட வேண்டும். பணம் ஏறியதை அவர் தன் போனிலேயே பாஸ்புக்கில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், நிலுவைக்காக வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். வாய்வார்த்தையை அவர்கள் நம்பாததில் தப்பே இல்லை.

ஒரே வேலைக்கு ஒரே கூலி. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சொந்தக்காரப் பையனுக்கு ஒன்று என்று வைத்தால் மூன்றாம் மாதமே விஷயம் வெளியே வந்துவிடும். ஓவர்டைமையும் ஞாயிறு டூட்டியையும் முறைவைத்துப் பிரித்து, பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்.

புகார் சொல்ல சூப்பர்வைசரைத் தவிர இன்னொருவர் இருக்க வேண்டும். பெரும்பாலும் புகாரே சூப்பர்வைசர் மேல்தான் இருக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பது 2013 சட்டப்படி கட்டாயம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் கிளம்பினால் சண்டை வேண்டாம். புதிய ஊதியச் சட்டத்தொகுப்புப்படி இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடித்து, அனுபவச் சான்றும் கொடுத்து அனுப்புங்கள். ரயில் பயணம் சலித்துத் திரும்புகிறவர், மரியாதையாக வழியனுப்பிய இடத்துக்குத்தான் முதலில் வருவார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. சம்பளச் சீட்டை மட்டும் இந்த மாதமே எழுதிக் கொடுக்கத் தொடங்குங்கள்.