கம்ப்யூட்டர் வந்தாலும் கையிலே சீட்டு இருக்கட்டும்



தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். 'எல்லாம் கம்ப்யூட்டரிலே இருக்குமே' என்று மருந்துச் சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டீர்கள். அங்கே போனால், "சிஸ்டம் ஓடவில்லை, காத்திருங்கள்" என்கிறார் தாதி. இப்போது நீங்கள் போடும் இன்சுலின் எத்தனை யூனிட் என்று டாக்டருக்கு யார் சொல்வது?

நம் நாட்டுக்குக் கம்ப்யூட்டர் மருத்துவமனை புதிதல்ல. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமே இல்லாமல் நடக்கும்படி அமைக்கப்பட்டது. எக்ஸ்ரே படமும் இரத்தப் பரிசோதனை முடிவும் திரையிலேயே வரும். நல்ல ஏற்பாடுதான். கையெழுத்து புரியாமல் மருந்து மாறிப்போகும் ஆபத்து குறையும். ஃபைலைத் தேடி அலைய வேண்டாம்.

பிறகு ஏன் சிக்கல்? கம்ப்யூட்டரை வாங்கி வைத்தால் வேலை முடிந்துவிடாது. சில ஆண்டுகளில் அது பழசாகும். மாற்றப் பணம் வேண்டும். கரண்ட் போனாலும் ஓட வேண்டும். பழுது பார்க்க ஆள் வேண்டும். கூட்டம் நிறைந்த இடத்தில் ஒரே தாதி நோட்டிலும் எழுதி, கம்ப்யூட்டரிலும் தட்டினால் வேலை இரட்டிப்பாகும். மருத்துவமனைகள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சிஸ்டம் வாங்கியிருப்பதால், ஓரிடத்துக் குறிப்பு இன்னோரிடத்தில் திறக்காமலும் போகலாம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

1. சாப்பிடும் மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்கள் மருந்துப் பையையே தூக்கிக்கொண்டு போங்கள்.

2. பெனிசிலின் போன்ற மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், அதை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

3. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். சில வலி மாத்திரைகள் அதோடு சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியும்.

4. மைசெஜாத்ரா மூலம் கிளினிக்கில் நாள் குறித்தால், தேதியைக் காலண்டரிலும் எழுதுங்கள். கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உதவுங்கள். இல்லையேல் கவுண்டரில் நேரில் கேளுங்கள்.

தாதியிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவரும் நம்மைப் போல் ஒரு தொழிலாளிதான். கம்ப்யூட்டருக்குப் பணம் ஒதுக்கும்போது, அதைப் பராமரிக்கவும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் சேர்த்தே ஒதுக்குங்கள் என்று நாம் ஒன்றாகக் கேட்போம். அதுவரையில் உங்கள் உடம்பின் கணக்கு உங்கள் பையிலேயே இருக்கட்டும்!