போரில் இறந்தவர் குடும்பத்துக்கு மட்டும்தானா?

கேள்வி: என் கணவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன்பு, 62 வயதில், மாரடைப்பால் காலமாகிவிட்டார். வங்கியில் சொன்னதும் அவருடைய பென்ஷன் நின்றுவிட்டது. எனக்கு இன்னும் எதுவும் வரவில்லை. “போரில் இறந்தால்தான் குடும்பத்துக்குப் பணம்” என்கிறார்கள் உறவினர்கள். ஏற்கெனவே நிச்சயித்திருந்த மூத்த மகளின் கல்யாணத்தைச் சென்ற மாதம் முடித்தோம். இளையவள் பி.இ. முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். மகனுக்கு 26 வயது, வேலை தேடுகிறான். எங்களுக்கு என்னென்ன கிடைக்கும்? எங்கே போய்க் கேட்பது?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: அம்மா, உறவினர்கள் சொல்வது சரியல்ல. போர்க்களத்தில் உயிரிழந்தவரின் மனைவிக்குக் கடைசி ஊதியத்தின் அளவுக்கே குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணி காரணமாக இறந்திருந்தால் 60 சதவீதம். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இயற்கையாக இறந்தவரின் மனைவிக்கும் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உங்களுக்கு உரியது அதுதான். அளவு கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், குறைந்தது மாதம் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி.

முதல் சில ஆண்டுகளுக்கு அது 50 சதவீதமாக இருக்கும். இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறைந்திருக்கும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. உங்கள் விஷயத்தில் 67தான் முந்தும். ஆகவே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்குக் கூடுதல் தொகை, பிறகு 30 சதவீதம். ஓய்வு பெறும்போது அவர் பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியிருந்தாலும் அதற்காக உங்கள் தொகையில் பிடித்தம் கிடையாது.

வங்கியில் சொன்னதோடு வேலை முடிந்துவிடாது. பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ இணையதளம் வழியாகப் பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வருகிறது. அதில் இறப்பைப் பதிந்து, குடும்ப ஓய்வூதியம் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), டிஸ்சார்ஜ் புக், ஆதார், பான், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பொதுச் சேவை மையத்துக்கோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ போங்கள். இறந்த நாளுக்குப் பின் அவர் கணக்கில் பென்ஷன் ஏறியிருந்தால் எடுக்காதீர்கள்; திரும்பப் பிடித்துக்கொள்வார்கள்.

பல விண்ணப்பங்கள் தடைபடுவது பெயரில்தான். டிஸ்சார்ஜ் புக்கில் ‘செல்வி’, ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’ என்று இருந்தால் கணினி அவர்களை இரண்டு பேராகவே பார்க்கும். உங்கள் பெயர், பிறந்த தேதி, மூன்று பிள்ளைகளின் பெயர் எல்லாம் பதிவில் சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். பிழை இருந்தால் உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகலுடன் மாவட்ட அலுவலகம் வழியாக வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்த வேண்டும். பிறந்த தேதியை அலட்சியம் செய்யாதீர்கள்: 80 வயது நிறைந்ததும் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் உண்டு, அதைப் பதிவில் உள்ள தேதியை வைத்துத்தான் தருவார்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். மூத்த மகளின் கல்யாணத்துக்கு மத்திய சைனிக் போர்டு நிதியுதவி தருகிறது. ஹவில்தாரும் அதற்குக் கீழுள்ளவர்களும், இரண்டு மகள்கள் வரை, இதைப் பெறலாம். 50,000 ரூபாயாக இருந்த தொகை 2025 நவம்பர் முதல் தரப்படும் விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம். கல்யாணம் நடந்த 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

இளையவளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை: பெண் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும்தான். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இடங்கள் குறைவு என்பதால் எல்லாருக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் சைனிக் போர்டின் கல்வி மானியம் இந்தப் படிப்புக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். எதற்கானாலும் கல்லூரிச் சான்றும், அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கும் தேவைப்படும்.

மகனுக்குக் குடும்ப ஓய்வூதியத்தில் உரிமை 25 வயதோடு முடிந்துவிட்டது. மத்திய அரசு வேலைகளில் உள்ள முன்னாள் படைவீரர் ஒதுக்கீடும் பொதுவாகப் படைவீரருக்கே உரியது. ஆகவே அவன் பெயரில் காலத்தைச் செலவிட வேண்டாம்.

மருத்துவத்துக்கு, 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். திட்டத்தில் உங்கள் கணவர் சேர்ந்திருந்தால் அதே உறுப்பினர் உரிமை உங்களுக்குத் தொடரும். இறப்புச் சான்றுடன் பாலிகிளினிக்கில் சொல்லி அட்டையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கேன்டீன் அட்டையையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கிய பின் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். இல்லையேல் தொகை நின்றுவிடும்.

இவை எதற்கும் கட்டணம் கொடுத்து இடைத்தரகர் வைக்கத் தேவையில்லை. “உங்கள் பென்ஷனைச் சரிசெய்கிறோம்” என்று போனில் ஓ.டி.பி. கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.

ஓய்வு பெற்ற படைவீரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: பி.பி.ஓ.வில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். நீங்கள் இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது.