நொடிக்குப் பன்னிரண்டு படம்

‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’ 1978இல் முடிந்தது. தொலைக்காட்சியில் ஓடியது 1983இல்தான். மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படம் அது. செய்தவர் அரசுத் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்த ஆனந்தம் சேவியர். அநேகமாக ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஒரு சருகுமானைப் பல ஆண்டுகள் வரைந்தார்.

ஏன் அத்தனை ஆண்டு? கணக்குப் போட்டால் விளங்கிவிடும். திரையில் நொடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் 12 படம். ஐந்து நிமிடத்துக்கு 3,600. ஈப்போவில் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் பத்துப் படம் போடுபவருக்கு, ஒரு நாளும் விடாமல் வரைந்தால் ஏறக்குறைய ஓராண்டு. அதுவும் ஒரே பாத்திரம், வெறும் பென்சில் கோடு. வண்ணம், பின்னணி, இரண்டாவது ஆள், தீபாவளி, பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் சேர்ந்தால் நாலைந்து ஆண்டு தானாக ஓடிவிடும்.

அதனால் வெட்ட வேண்டியதை ஸ்டோரிபோர்டிலேயே வெட்டிவிட வேண்டும். அசையாத படங்களை ஒலியோடு கோத்து முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தால், எந்தக் காட்சி இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே ஒரு காட்சியைத் தூக்கினால் ஒரு மாலைப்பொழுதுதான் நட்டம்.

பிறந்த ரப்பர் தோட்டத்தைப் படமாக்க நினைப்பவருக்கு இன்னோர் அவசரம் உண்டு. பேராக்கில் பல பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, தாமானாகி வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தொழிலாளர் குடியிருந்த லயமும், காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களமும் இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. படம் காத்திருக்கும், பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள். குரலை முதலில் பதிந்துகொள்ள வேண்டும். உதட்டசைவு எப்படியும் ஒலிக்குப் பிறகுதான் வரையப்படுகிறது.

தோட்ட வேலை எப்படி நடந்தது என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும். பால் வெட்டுகிறவர் எடுத்தவுடன் கத்தியை வைப்பதில்லை. முந்தைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுகிறார். பிறகு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகப் பட்டையைச் சீவுகிறார். பால்குழாய்கள் மரத்தில் சற்றே சாய்ந்து ஓடுவதால் அந்தச் சாய்வில்தான் பால் அதிகம். சீவிய கோட்டில் வெள்ளை துளிர்த்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நோக்கி இறங்கும். இந்த ஒரு காட்சிக்கு ஒரு மாதம் செலவழிக்கலாம், தகும். மரத்துக்கு மாதிரி வேண்டுமானால் கோலகங்சாருக்குப் போகலாம்; 1877இல் நட்ட மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது.

ஆண்டுக்கணக்கில் வரையும்போது கையும் மாறும். முதல் மாதத்து முகமும் மூன்றாம் ஆண்டு முகமும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். எனவே தொடக்கக் காட்சியைக் கடைசியில் வரைவது புத்திசாலித்தனம்; கை பழகாத நாளின் கோணல் நடுவில் எங்காவது ஒளிந்துகொள்ளட்டும்.

முடிக்காமல் விடும் ஆபத்து மேதைகளுக்கும் உண்டு. ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1964இல் தொடங்கிய ‘தி தீஃப் அண்ட் தி காப்ளர்’ 1992இல் அவர் கையைவிட்டே போனது. மாறாக, தீப்பெட்டிப் படங்களுக்குள் உலாவும் ஒரு மூதாட்டியை கீதாஞ்சலி ராவ் கையால் தீட்டி, 15 நிமிட ‘பிரிண்டட் ரெயின்போ’வாக முடித்து, 2006இல் கான் திரைப்பட விழாவுக்குக் கொண்டுபோனார். நீளத்தை அடக்கியதே பாதி வெற்றி.

மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா இரண்டும் இலவசம். பாதி முடிந்ததைத் திரைப்பட விழாக்காரர்களுக்கு முன் பழைய தோட்டத்துக்காரர்களுக்குக் காட்டலாம். பால் சுமக்கும் காண்டா வாளி தோளில் தப்பாகத் தொங்கினால் அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும். பென்சில் கோடாக இருக்கும்போதே சொல்லிவிட்டால் ஓர் இரவில் திருத்திவிடலாம்.