ஊட்டியவரா, கூட இருந்தவரா?

கேள்வி: எங்கள் கொல்லையில் தவிட்டுக்குருவிகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. சரியாகப் பறக்கத் தெரிவதற்குள் குஞ்சுகள் கீழே இறங்கிவிட்டன. ஏழெட்டுப் பறவைகள் மாற்றி மாற்றி ஊட்டுவதால் எது தாய் என்றே தெரியவில்லை. ஒன்றை எடுத்து வளர்க்கலாம் என்கிறான் பேரன். வளர்ந்த பிறகு இவற்றுக்குத் தாய் தகப்பன், உடன்பிறப்பு என்ற ஒட்டுதல் இருக்குமா?
— வாசகி ஒருவர், தென்காசி

பதில்: முதலில் பேரனைத் தடுத்துவிடுங்கள் அம்மா. காட்டுப் பறவையைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குஞ்சு ஆதரவில்லாமல் விழுந்து கிடக்கவில்லை. பறக்கப் பழகுமுன் கூட்டை விட்டு இறங்குவது, தவிட்டுக்குருவியும் சேர்ந்த சிலம்பன் இனத்தின் வழக்கம்தான்.

தாய் எது என்று தெரியாதது உங்கள் கண்ணின் குறையும் இல்லை. பெரும்பாலும் கூட்டத்தில் ஒரு சோடிதான் முட்டையிடும். மற்றவை துணைக்கு நிற்கும். அவற்றில் பல, முந்தைய ஈடுகளில் பிறந்து வீட்டோடு தங்கிவிட்ட அண்ணன் அக்காள்கள். தவிட்டுக்குருவியின் நெருங்கிய உறவான காட்டுச் சிலம்பனை 1970களில் டெல்லியில் டோனி காஸ்டன் விரிவாக ஆராய்ந்தார். காட்டுச் சிலம்பனில் இளசுகளை அடையாளம் காண ஒரு வழி உண்டு: பெரியவற்றின் கண் வெளிறியிருக்கும், இளசுகளின் கண் கருமையாக இருக்கும்.

ஊட்டுவதால்தான் ஒட்டுதல் வருகிறது என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில் சுடலைக்குயில் திருட்டுத்தனமாக முட்டையிடும். அந்தக் குயில் குஞ்சையும் கூட்டம் முழுவதும் சேர்ந்து வளர்ப்பதை நம் ஆராய்ச்சியாளர்கள் ஜான்சிங்கும் பரமானந்தமும் பதிவு செய்து 1982இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே அலகுகள் ஊட்டிய இரைதான். ஆனாலும் வளர்ந்ததும் குயில் தன் வழியே போய்விடும். தங்கிவிடுவது சிலம்பன் குஞ்சு மட்டுமே.

அதைத் தங்க வைப்பவற்றில் ஊட்டுதலைவிட அதன் பின் நாள்தோறும் நடப்பவற்றுக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. மத்தியான வேளையில் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது கவனியுங்கள். ஒன்று தலையைச் சாய்த்துக் கொடுக்க, இன்னொன்று பிடரி இறகைக் கோதிவிடும். தன் அலகு எட்டாத இடம் அது. அடுத்தவர் தயவு வேண்டும். இரவில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாகத் தூங்கும். விளையாட்டும் உண்டு. இஸ்ரேலின் ஹட்ஸெவா பாலைப்பகுதியில் அமோட்ஸ் ஸஹாவியும் மனைவி அவிஷாகும் பல்லாண்டுகள் பார்த்த அரேபியச் சிலம்பன்களின் இளசுகள் மல்லுக்கட்டும், குச்சியைப் பிடித்து இழுக்கும், மேட்டில் நிற்பதைத் தள்ளிவிட்டுத் தான் ஏறும். வம்புச் சண்டை என்று தள்ளிவிடாதீர்கள். யார் பலசாலி, யாரிடம் எதுவரை போகலாம் என்று காயமில்லாமல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எல்லாப் பறவைக்கும் இப்படி வாய்ப்பதில்லை. ஐரோப்பாவின் பெரிய பட்டாணிக்குருவி, குஞ்சு கூட்டை விட்டு வெளிவந்த இரண்டு மூன்று வாரத்தில் ஊட்டுவதை நிறுத்திவிடும். அதற்குமேல் அதன் பாடு. குஞ்சுகள் யாரைப் பார்த்துக் கற்கின்றன என்று அறிய, ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பக்கத்துக் காட்டில் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குருவிகளின் காலில் சிறு மின்னணு வளையம் மாட்டி, திறக்கத் தெரிந்தால் மட்டுமே இரை தரும் பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2025இல் வெளியானது. ஒரு கூட்டுக் குஞ்சுகளில் முதலில் கற்றது பெரும்பாலும் பெரிய பறவைகளைப் பார்த்துக் கற்றது. அந்தப் பெரியவர்கள் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்தடுத்த குஞ்சுகளோ பெரும்பாலும் உடன்பிறந்ததைப் பார்த்தே கற்றன. பிறகு குளிர்காலக் கூட்டத்தில் அந்நியர்களோடு கலந்து புதுப்பழக்கம் பிடிக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டாணிக்குருவிக்கு உடன்பிறப்பு என்பது சில வாரத்துத் துணை. உங்கள் கொல்லைக்காரர்களுக்கு அது வருடக்கணக்கில் நீளும். பக்கத்துக் கிளையிலேயே இருப்பவரை நினைவில் வைத்திருக்கத் தனியாக என்ன பாடுபட வேண்டும்? காட்டுச் சிலம்பன் இனப்பெருக்க வயதை எட்டவே மூன்றாண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த ஈட்டுக்கு ஊட்டும் வேலையும் வந்துவிடும். இளம் பெட்டைகள் பெரும்பாலும் பிறகு வேறு கூட்டத்துக்குப் போய்ச் சேரும்.

கீழே இருக்கும் குஞ்சு பூனை வாயில் சிக்கும்போல் இருந்தால், மெல்ல எடுத்து அருகிலுள்ள புதரில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். மனிதக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. குஞ்சு ஒரு குரல் கொடுத்தால் போதும், மொத்தக் கூட்டமும் அங்கே வந்துவிடும்.