முதலில் பிரேக், பிறகுதான் இன்ஜின்

கேள்வி: அப்பா 1972-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் போன பிறகு பல வருடம் ஷெட்டிலேயே நின்றது. இப்போது ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பாலக்காடு ரோட்டில் ஒரு லாரியை முந்தவே திணறுகிறது. கண்டமான 1800 இசுசூ அம்பாசிடர் ஒன்றின் இன்ஜினும் கியர்பாக்ஸும் இங்கே பழைய சாமான் கடையில் சேர்த்துக் கிடைக்கிறது, போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். போடலாமுங்களா? டிஸ்க் பிரேக்கும் மாற்ற முடியுமா? வருசத்துக்கு இரண்டு தடவை குடும்பத்தோடு குன்னூர் போய் வருவோம்.
- ஒரு வாசகர், உக்கடம்

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு இன்ஜின் மறந்துபோயிற்று. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில்தான். நாலு பேரோடு உங்கள் வண்டி 1,400 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிவிடுகிற சக்தி, சுமார் 70 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி வரைக்கும் கொண்டுபோகும். கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். காற்று கொஞ்சம் வாங்கும். மிச்சம் அத்தனையும் நாலு டிரம்முக்குள்தான் போகிறது.

இருபது வருடத்துக்கு முன் நண்பர் ஒருவரின் அம்பாசிடரில் அதே வழியாக இறங்கினோம். டாப் கியரில் பேசிக்கொண்டே வந்தோம். பர்லியாறு தாண்டியதும் லைனிங் தீய்கிற நாற்றம் உள்ளே ஏறியது. அடுத்த வளைவில் அவர் பெடலை மிதித்தார். பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி தரை வரைக்கும் போனது. கியரைக் கீழே தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்ணில் உரசித்தான் நிறுத்தினோம். வண்டி ஆறிய பிறகு பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் உள்ளே வரக்காப்பி நிறம். என்றைக்கு ஊற்றியதோ!

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்காவது கொதிக்கக் கூடாது என்பது தர அளவு; ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, ஈரத்தோடு 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், பெடல் இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழையதை முழுக்க வெளியேற்றி, டாட் 4 ஊற்றி, ஏர் எடுங்கள்.

இந்த மாதமே நாலு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். டிரம்மின் உள்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் திட்டு விழுந்திருக்கிறது; லேத்தில் கடைய வேண்டும். கடைந்து கடைந்து மெலிந்த டிரம் என்றால் தூக்கிப் போடுங்கள், அது சீக்கிரம் சூடேறும். வீல் சிலிண்டர் ரப்பரும் ஹோஸும் எப்படித் தெரிந்தாலும் புதிது. இன்னொன்று, உங்கள் வண்டி வந்த காலத்தில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துப் பிரேக்கும் போச்சு. இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுவதைத்தான் டிஸ்க்குக்கும் முன்னால் வைப்பேன்.

டிஸ்க் போட முடியும். கம்பெனியே பிந்தைய 1800 மாடல்களில் பூஸ்டரோடு முன் டிஸ்க் கொடுத்தது. 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்ற பிறகு காயலான் கடைக்கு வந்த வண்டிகள் ஏராளம். ஹப், டிஸ்க், காலிபர் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுங்கள். உங்கள் ஸ்டப் ஆக்ஸிலோடு அளந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே டிஸ்க்கோடு இணைப்பது பலரும் செய்கிற தப்பு. டிரம் லைனில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் நிற்கும்படி உள்ளே ஒரு வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. பேட் பிடித்தபடியே ஓடும், டிஸ்க் சிவக்கும்.

இனி இன்ஜின். உங்கள் 1489 சிசி பி.எம்.சி. இன்ஜினுக்குச் சுமார் 50 குதிரைத்திறன். 1817 சிசி இசுசூவுக்கு 75, கூடவே ஐந்து கியர். 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே அதை அம்பாசிடரில் வைத்தது என்பதால் பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். மவுண்டிங், ஜாயின்ட் நீளம், ரேடியேட்டர், சைலன்சர், ஸ்டீயரிங் அடியிலிருந்து தரைக்கு வருகிற கியர் லீவர் என்று வேலை நீளும். நல்ல கை செய்தால் முடியும். ஆனால் 60-ல் போனவர் 90-ல் போவார். அப்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு.

இருந்தும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ரக இன்ஜின் மாற்றவே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், 1489 இருந்த இடத்தில் 1817 எப்படி ஏறும்? 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். பிரேக் விவரம் புத்தகத்தில் ஏறுவதில்லை. ஆனாலும் டிஸ்க் போடும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, சேஸி, பாடி, இன்ஜின் மூன்றும் பெரிதாக மாறாத 50 வயது வண்டியை விண்டேஜாகப் பதியலாம், ‘வி.ஏ.’ எழுத்துள்ள தனி நம்பர் வரும். அப்படிப் பதிந்தால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது, அதனால் இப்போது அவசரமில்லை. ஆனால் அப்பா ஓட்டிய அந்த இன்ஜினைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டால், பிறகு நினைத்தாலும் அந்த வாய்ப்பு திரும்பாது.

லாரியை முந்தத் திணறுகிறது என்றீர்களே, கம்ப்ரஷன் பார்த்தீர்களா? பல வருடம் நின்ற இன்ஜினில் ரிங் ஒட்டியிருக்கும், வால்வு சீட் அரித்திருக்கும். பம்ப்பும் மோட்டாரும் ஜவுளி மெஷினும் செய்து வளர்ந்த ஊர் நம்முடையது. போர் செய்யவும் கிராங்க் கடையவும் நல்ல கைகள் இங்கேயே இருக்கின்றன. ரீபோர், புது பிஸ்டன், வால்வு வேலை, கார்புரேட்டர் சுத்தம், டைமிங் எல்லாம் முடித்து ஆயிரம் கிலோமீட்டர் பதமாக ஓட்டுங்கள். 1972-ல் அப்பா உணர்ந்த இழுப்பு திரும்ப வரும்.

கேள்வி: என் பழைய அம்பாசிடரில் முந்தைய ஓனர் டீசல் இன்ஜின் போட்டு, ஆர்.சி.யிலும் முறையாக ஏற்றியிருக்கிறார். பிரேக் பூஸ்டர் வைத்தும் பெடல் கல்லு மாதிரி இருக்கிறது. ஏன்?
- வாசகி, குனியமுத்தூர்

பதில்: பூஸ்டர் வேலை செய்ய வாக்குவம் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அது மேனிஃபோல்டிலிருந்து தானாகக் கிடைக்கும், டீசலில் கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வாக்குவம் பம்ப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்து, கடைசியாக அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்கவில்லை என்றால் பம்ப்புக்கும் பூஸ்டருக்கும் நடுவிலுள்ள ஹோஸையும் ஒருவழி வால்வையும் மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் பூஸ்டரைக் கழற்றலாம்.